இயந்திரமும் இன்சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கொல்லிமலை வாசலூர்பட்டியில் கூடிய அவையில் ஆற்றிய உரை)



காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் இம்மலையின் மேற்பரப்பை அடைய முடியும். வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பேருந்தில் வரும் இளைஞர்கள் பலர் அந்த எண்களைப் பார்ப்பதில்லை. கைபேசித் திரையின் மூலையில் உள்ள அலைவரிசைக் கோடுகளையே பார்த்து வருகிறார்கள். ஒரு வளைவில் கோடுகள் மறையும். அடுத்த வளைவில் ஒன்று மட்டும் தலைகாட்டும். அனுப்பிய சொல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற தவிப்பு அந்த முகங்களில் தெரியும். இத்தவிப்பும், அது கோபமாக மாறும்போது மனிதர் மனிதரை நடத்தும் விதமுமே இவ்வுரையின் பொருள்.

ஓரியின் மலையில் நின்று பேசுவதால் ஓரியைப் பாடிய ஒரு பாட்டிலிருந்து தொடங்குவது முறை. புறநானூற்றின் 204ஆம் பாடல் வல்வில் ஓரியைப் பாடியது. பாடியவர் கழைதின் யானையார். கேட்பது இழிவு, இல்லையென்பது அதனினும் இழிவு என்று தொடங்கும் முற்பகுதியைப் பள்ளி மாணவரும் அறிவர். அதிகம் பேசப்படாதது பிற்பகுதி. பரிசில் நாடிச் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தால் எதைப் பழிப்பார்கள்? புறப்பட்ட நேரத்தையும், வழியில் கண்ட பறவை நிமித்தத்தையும் பழிப்பார்களேயன்றி, தாம் நாடிச் சென்ற மனிதரைப் பழிக்கமாட்டார்கள் என்கிறார் புலவர். பறவையும் பொழுதும் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை; அவற்றின்மேல் ஏற்றிய பழியால் எவர் மனமும் புண்படாது. வறுமையின் நடுவிலும் பழியை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்த ஒரு நாகரிகம் அது.

இன்றைக்கு அந்தப் பறவையின் இடத்தில் கருவிகள் இருக்கின்றன. ஆனால் பழி அவற்றின்மேல் நிற்பதில்லை.

எளிய சான்றாக ரேஷன் கடையைச் சொல்லலாம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. மிளகு பறித்தும் மண் கொத்தியும் தேய்ந்த விரலில் ரேகை எளிதில் பதியாது. விரல் பதிந்தாலும் அலைவரிசை கிடைக்காவிட்டால் கருவி சுழன்றுகொண்டே இருக்கும். வரிசை நீளும். அப்போது விற்பனையாளர் முதியவரை அதட்டுகிறார். வரிசையில் நிற்பவர் விற்பனையாளரை ஏசுகிறார். இருவருமே அந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் அல்லர். வடிவமைத்தவர் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறார். அவர் காதில் எதுவும் விழுவதில்லை. பழி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மனிதர்மேல் விழுகிறது.

தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘இணையம்’ என்ற சொல்லையே ஆக்கித் தந்தவர் என்று போற்றப்படும் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995ஆம் ஆண்டிலேயே தமிழை உலகளாவிய வலையில் ஏற்றியவர்களுள் முன்னோடி. அங்கு அவர் ஏற்றிய தமிழ், கவிதை என்பது இந்த அவைக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட தொகுப்பு அது. விலைப்பட்டியலோ அரசாணையோ ஏறுவதற்கு முன்பே கவிதை ஏறிவிட்டது.

ஆனால் ஏறிய எழுத்தைப் படிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் எண்களும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். ஈழத் தமிழரிடையே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளிக்குரிய விசையில் அமைந்திருந்தது. ஆகவே அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் ‘அம்மா’ என்ற சொல்லின் நடுவிலேயே ஓர் அரைப்புள்ளி வந்து நிற்கும். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூரிலிருந்து கோவிந்தசாமியின் கணியன், தமிழகத்தில் நிறுவனத்துக்கு ஒன்று, பதிப்பகத்துக்கு ஒன்று என எழுத்துருக்கள் பெருகின. ஒரே தாய்மொழியை எழுதுவோர், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத விந்தை நிலை அது.

அந்நாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் போன்ற மின்னஞ்சல் குழுக்களில் தமிழர் கூடினர். அக்காலக் கடிதங்களில் ஒரு கேள்வி வணக்கத்தைப் போலவே வழங்கியது: எழுத்து தெரிகிறதா? தெரியவில்லை என்று பதில் வந்தால் எவரும் சினந்துகொள்ளவில்லை. எந்த எழுத்துருவை நிறுவ வேண்டும், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று முன்பின் அறியாதவர்க்கும் பொறுமையாக எழுதினார்கள். எழுத்துருவைத் திட்டினார்கள், எழுதியவரைத் திட்டவில்லை. கழைதின் யானையார் சொன்ன இரவலரின் பண்பு அங்கே வேறு கோலத்தில் வாழ்ந்தது.

அக்காலத்தில் பூசலே இல்லை என்று சொல்வது புனைவாகிவிடும். திஸ்கி வேண்டும் என்பாரும், டாம், டாப் வேண்டும் என்பாரும், ஒருங்குறியே போதும் என்பாரும் கடுமையாகவே மோதினர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகளின் வரலாறு ஒருவகையில் இந்த மோதலின் வரலாறே. ஆயினும் அது பொருள் பற்றிய பூசல். மெய்யெழுத்தை அடிப்படையாகக் கொள்வதா, அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொள்வதா என்பது அதில் ஒரு கேள்வி. (மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது இலக்கணம். ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்துப் பிறகு புள்ளியைச் சேர்க்கிறது. தொல்காப்பியர் இருந்திருந்தால் மாநாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருப்பார்.) அவ்வாறு மோதியவர்களிற் பலர் மோதிய கையோடு ஒன்றாகவும் உழைத்தார்கள். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்குச் சான்று. ஊதியம் இல்லை; ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. ஒருவர் ஒரு நூலைத் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டிலிருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார். திருக்குறளும் சங்க நூல்களும் அப்படித்தான் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே குறித்தார்கள்.

பிறகு தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1991லேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே அது பொதுமக்கள் கணினிக்கு எட்டியது. 2005இல் செல்லினம் கைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. இன்று எவரும் எவருக்கும் எழுதலாம்; எழுத்து தெரியும். ‘எழுத்து தெரிகிறதா’ என்று கேட்கும் தேவை ஒழிந்தது. அந்தக் கேள்விக்குள் ‘அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு நான் சொல்வது எட்டுகிறதா’ என்ற இன்னொரு கேள்வியும் பொதிந்திருந்தது. முன்னது போனபோது பின்னதும் உடன்போயிற்று.

இணையத்தில் நிகழும் வசைக்கும் கொடுமைக்கும் பெயர் மறைப்பே காரணம் என்று பலர் கூறுவர். இக்கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. பெயர் மறைத்தவனெல்லாம் தீயவன் என்றால் தமிழிலக்கியத்தின் ஒரு பகுதியையே தள்ளிவைக்க வேண்டியிருக்கும். அணிலாடு முன்றிலார் யார்? செம்புலப் பெயல்நீரார் யார்? இம்மலைத் தலைவனைப் பாடிய கழைதின் யானையாரின் இயற்பெயர்தான் என்ன? புனைபெயரில் எழுதி நற்பெயர் பெற்றவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

ஓரியே பெயர் சொல்லாமல் நின்றவன்தான். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அக்காட்சியை வரைகிறார். காட்டில் ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் உருட்டி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. அவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. கூலிக்கு வேட்டையாடுபவன் போலவும் தோன்றவில்லை; ஓரிதானோ என்று ஐயுறுகிறார்கள். இசை கூட்டிப் பாடுகிறார்கள். தலைவனைக் குறிக்கும் சொல் பாட்டில் வந்ததும் அவன் நாணுகிறான். பிறகு மான் ஊனும் மதுவும் தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியோடு கலந்து அந்தக் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான். தன்னை யாரென்று அறியாத வழிப்போக்கரிடம் கொடுத்தான் என்பதே பாட்டின் உயிர். பெயர் மறைந்த இடத்தில் அவனுக்குக் கொடை தோன்றிற்று.

வழிப்போக்கர் என்றதும் வேறொரு மலைச்சாரல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 2018 மே 9ஆம் நாள், ஜவ்வாது மலையையொட்டிய போளூர் வட்டாரத்தில், அத்திமூர் என்னும் ஊரில் ஒரு கார் நின்றது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தார் அதில் இருந்தனர். வழி கேட்க நிறுத்தியிருந்தனர். 65 வயதான ஓர் அம்மையார் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி அதற்கு முன்பே அப்பகுதிக் கைபேசிகளில் வாட்ஸ்அப் வழியாகப் பரவியிருந்தது. கூட்டம் கூடியது. அம்மையார் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அடித்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. யாரென்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கவும் இல்லை. கையிலிருந்த கருவி முன்கூட்டியே விடை சொல்லிவிட்டிருந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. ஐந்து என்பது என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றும். ஐந்து குழுக்கள் என்றால் ஐந்து ஊர்கள்.

(வாட்ஸ்அப்புக்குத் தமிழில் புலனம் என்றும், கட்செவி அஞ்சல் என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கட்செவி என்பது பாம்புக்கு வழங்கிய பழைய சொல். பெயர் வைத்தவர் எந்தப் பொருளில் வைத்தாரோ, சில நாள்களில் அது பொருந்தியே விடுகிறது.)

கொல்லியின் பெயரோடு பிரியாமல் வருவது கொல்லிப் பாவை. சங்கப் பாடல்கள் தலைவியின் அழகுக்கு அதை உவமையாக்கும். மனிதக் கை செய்யாத அந்தப் பாவை, பார்ப்பவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது வழிவழியாக வரும் கதை. 2016 ஜூன் மாதம், இம்மலைக்கு மிக அருகில், சேலம் மாவட்டத்தில் அக்கதை தலைகீழாக நடந்தது. ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி யாரோ முகநூலில் ஏற்றினார்கள். பெற்றோர் காவல் துறையில் புகார் அளித்தனர். படம் உடனே நீங்கவில்லை. மேலும் ஒரு படம் வந்தது. அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கதையில் பாவை பார்ப்பவரைக் கொன்றது. இங்கே பார்த்தவர்கள் சேர்ந்து, பாவையாக ஆக்கப்பட்ட பெண்ணைக் கொன்றார்கள். படத்தைச் செய்தவர் ஒருவர். பார்த்தவர்கள், பகிர்ந்தவர்கள், கேட்டும் கேளாதிருந்தவர்கள் எத்தனை பேர்? இன்று முகத்தையும் குரலையும் போலியாகச் செய்யும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் முடித்துவிடுகின்றன. பெண் கவிஞர்கள் தம் நிழற்படத்தை வெளியிடத் தயங்குவதைக் கூச்சம் என்று எவரேனும் இனிக் கேலி செய்தால், அவர் 2016ஐ மறந்தவர்.

இலக்கிய உலகம் இதற்கெல்லாம் வெளியே நிற்கிறது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இதே நாமக்கல் மாவட்டத்தில், தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்த பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது தெரிந்ததே. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவல் நான்கு ஆண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் ஒளிநகலாகத் திருச்செங்கோட்டில் விநியோகிக்கப்பட்டன. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது, 2015 ஜனவரி 12ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அவர் பணிய நேர்ந்தது. அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற பொருளில் தம் முகநூல் பக்கத்தில் அறிவித்துவிட்டு எழுத்தை நிறுத்தினார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கங்களை வெட்டிப் பரப்ப அப்போது இணையம் கட்டாயத் தேவையாக இருக்கவில்லை. ஒளிநகல் இயந்திரமே போதுமாக இருந்தது. முழுமையைப் படிக்காமல் துண்டைப் பார்த்துச் சினங்கொள்ளும் மனம் முன்பே இருந்தது. இணையம் அதற்கு விரைவைக் கூட்டியது, அவ்வளவே. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பணிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அவர் எழுதாதிருந்ததாக உலகம் நினைத்த நாள்களில் எழுதியவை கவிதைகள். ‘கோழையின் பாடல்கள்’ என்ற தொகுப்பாக அவை அதே ஆண்டில் வெளிவந்தன.

சட்டம் இதைத் தீர்க்கும் என்பாரும் உளர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அத்தகைய நம்பிக்கையில் வந்ததுதான். எது மனத்தைப் புண்படுத்தும் சொல் என்று வரையறுக்காமலே கைது செய்ய அது வழி வகுத்தது. அதிகாரத்தை விமரிசித்தவர்களே அதில் சிக்கினர். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் அதை நீக்கியது சரியே. போலிப் படத்தைச் செய்பவனுக்கும் கொலைக் கூட்டத்துக்கும் சட்டம் வேண்டும், தாமதமின்றி வேண்டும். ஆனால் ஒரு கவிதைக் குழுவில் ஒருவர் மற்றவரை எப்படி விளிப்பது என்பதைச் சட்டத்திடம் ஒப்படைக்க முடியாது.

இனி இவ்வட்டத்தின் குழுவுக்கு வருவது பொருந்தும். கவிதைக் குழுக்கள் எங்கும் ஒரே விதமாகத்தான் நடக்கின்றன. விடியற்காலையில் பூப்படத்தோடு காலை வணக்கங்கள் குவியும். அவற்றின் அடியில் ஒருவருடைய புதிய கவிதை புதைந்துபோகும். அதை ஒருவர் படிப்பார். பிடிக்கவில்லையென்றால் நூறு பேர் முன்னிலையில் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். அச்சிதழ்க் காலத்தில் அதே மனிதர் அதே கருத்தை அஞ்சலட்டையில் எழுதியிருந்தால், அட்டை வாங்கி, முகவரி எழுதி, பெட்டியில் போடும் வரையில் இரண்டு முறையேனும் படித்துப் பார்த்திருப்பார். ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருப்பார். அந்தத் தாமதத்தை இப்போது எவரும் தருவதில்லை. தாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அலைவரிசையின் புண்ணியத்தில் அது சில நாள் தானாகவே வாய்க்கிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவிதை குழுவுக்குக் குழு தாவும்போது முதலில் உதிர்வது கவிஞரின் பெயர். ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில வேளை புகழ்பெற்ற வேறொருவர் பெயரே ஒட்டிக்கொள்கிறது. சங்கத் தொகையைத் தொகுத்தோர், பாடியவர் பெயர் கிடைக்காதபோது அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். பெயர் இல்லாதவருக்கும் பெயர் கொடுத்த மரபில் வந்தவர்கள், இருக்கும் பெயரை வெட்டி அனுப்புவது சிறிய குற்றம் அன்று. கவிதை எழுதுகிறவருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு கூலியும் கிடைப்பதில்லை.

மதுரைத் திட்டத்தார் செய்ததைச் சிறிய அளவில் இம்மலையிலேயே செய்ய வழியுண்டு. கொல்லிமலை மக்களிடம் சாமைக்கே பல பெயர்கள் உள்ளன. கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை என ஒவ்வொன்றுக்கும் விதைக்கும் காலமும் சுவையும் வேறு. மரவள்ளியும் காப்பியும் மிளகும் பரவப் பரவ, சாமை விளைந்த நிலம் குறைந்தது. அந்தப் பெயர்களைச் சொல்லும் வாய்களும் குறைந்துவருகின்றன. விதைப்புக்கும் அறுப்புக்கும் உரிய பாட்டுகளும் அப்படியே. இவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர்க்குக் கைபேசியில் தட்டச்சு செய்யத் தெரியாது; தட்டச்சு தெரிந்த பேரப் பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் தெரியாது. வட்டத்தின் உறுப்பினர் இருவர், ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையில் அவர் இசைவோடு அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதி, எழுதியதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டலாம். தவறு என்று அவர் சொல்லும் இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். சொன்னவர் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், முதல் வரியிலேயே எழுதலாம். அந்த வேளையில் அலைவரிசை கிடைக்காவிட்டாலும் குறையில்லை. செம்மேட்டுக்குப் போகும்போது அனுப்பிக்கொள்ளலாம்.